கட்டை அடுக்கச் சொல்லிக் கொடுத்தேன்

ஜூலை 8, செவ்வாய்

புழுக்கம். மழை வர்ற மாதிரி காட்டிட்டுப் போயிடுச்சு. நம்ம பாத்திரக் கடையில ஆடித் தள்ளுபடி பேனர் கட்டியாச்சு. எழுத்து சின்னது, எதிர்ப்பக்கத்துல இருந்து பார்த்தா தெரியலை. குக்கர் கேஸ்கெட் தீர்ந்துபோச்சு, சொல்லணும்.

மதியம் சாந்தோம், எம் பொண்ணு தேனு ஸ்கூல். ஆறாவது வந்ததுல இருந்து மார்க் சரிவு. கேள்வி கேட்டா வெறிச்சுப் பார்க்கிறாளாம். அது என்னன்னு எங்களுக்குத் தெரியும். வலிப்பு. கை கால் வெட்டாது. கொஞ்ச நேரம் ஆள் இருப்பா, நினைவு இருக்காது. அவ்வளவுதான். மாத்திரை வேற மந்தமாக்குது. ஸ்கூல்ல நர்ஸ் பிலோமினாம்மாவுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கு. சொந்தக்காரங்க கேட்டா சத்துக் குறைவு.

வெள்ளிக்கிழமை அடையாறுல இருந்து ஒரு மேடம் வந்து தேனுவைச் சோதிக்கப் போறாங்க. ஞாபகம், கணக்கு, கட்டை அடுக்கறது. அதை வச்சுதான் இதே வகுப்பா, தனி வகுப்பா, பரீட்சையில கூடுதல் நேரமா எல்லாம் முடிவாகும்.

வீட்டுக்காரி சரசு சாப்பிடலை. "தனி வகுப்புன்னு ஒரு பேரு விழுந்துட்டா போச்சுங்க. நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாவ?"

ஜூலை 9, புதன்

பாண்டிபஜார்ல கலர் கட்டை, படப்புதிர் வாங்கியாச்சு. அந்தச் சோதனையில என்ன கேப்பாங்கன்னு போன்ல வீடியோ கிடக்கு. கல்லாவுல உக்காந்தே பார்த்தேன்.

சாயங்காலம் தேனுவுக்குப் பயிற்சி. முதல்ல திணறினா. அப்புறம் படத்தைப் பார்க்காமலே அடுக்கறா. துடைச்சு மினுக்காம சரக்கை எவன் அலமாரியில வைக்கிறான்? நாளைக்கும் உண்டு.

ஜூலை 11, வெள்ளி

வெயில். எல்லாம் கெட்டது.

மேடம் கட்டையைக் கொட்டினதும், படத்தைக் காட்டறதுக்குள்ள தேனு அடுக்கி முடிச்சுட்டாளாம். "எங்க வீட்லயும் இருக்கு மிஸ். அப்பா சொல்லிக் கொடுத்தாங்க"ன்னு பெருமை வேற. மேடம் கோபப்படலை. "இந்தப் பகுதியை எடுத்துக்க முடியாது சார், வேற முறையிலதான் பார்க்கணும்"னு மட்டும் சொன்னாங்க. அடுத்த வாரம் திரும்ப வருவாங்க.

நர்ஸம்மா தன் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. ஒரு கட்டில், ஒரு ஃபேன். முட்டி சிராய்ச்ச பிள்ளை ஒண்ணு விசும்பிக்கிட்டு.

"இன்னா அண்ணாச்சி, கொஸ்டின் பேப்பரையே அவுட் பண்ணிட்டீங்க!"

"எம் பொண்ணு ஜெயிக்கணும்னு நெனச்சது தப்பாம்மா?"

"ஜெயிக்கிற எடமா இது? எங்க விட்டுப்போவுதுன்னு தெரிஞ்சாத்தான் உதவி குடுப்பாங்க. எல்லாம் நல்லாக் கீதுன்னு எழுதிட்டா, அப்பறம் சோம்பேறின்னு டீச்சருங்க திட்டிக்கினே இருப்பாங்க. அது ஓகேவா ஒங்களுக்கு?"

ஏவாரத்துல என்னை யாரும் இப்படி மடக்கினது இல்லை.

காலையில மாத்திரை போட்டு வர்றாளாம், ரெண்டு பீரியடு தூங்கி வழியறாளாம், நர்ஸம்மாதான் சொன்னாங்க. சோதனையை மதியத்துக்கு மாத்தச் சொல்லியாச்சாம். கிளாஸ்ல அவங்க பார்த்ததையும் மேடத்துகிட்ட சொல்லியாச்சாம். "வீட்டுல எப்டின்னு நீங்கதான் வந்து சொல்லணும். பாலிஷ் போடாம."

ஜூலை 12, சனி

கடையில கூட்டம் சுமார். ஒரு அம்மா பித்தளை அண்டா கேட்டு, தண்ணி ஊத்திப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன்னாங்க. ஊத்திக் காட்டினேன். நானே கொள்முதல்ல அப்படித்தான் பண்ணுவேன். ஒழுகற இடம் தெரியாம ஈயத்தை எங்க வச்சு அடைக்கிறது?

ஆனா விக்கிற இடத்துல நின்னு, இங்க ஒழுகுதுன்னு என் வாயால ஒருநாளும் சொன்னதில்லை. எம் பொண்ணைப் பத்திச் சொல்லணுமாம்.

என்னத்தைச் சொல்றதுன்னு யோசிச்சேன்.
– பால் தம்ளரைப் பிடிச்சபடி நிப்பா. பால் சட்டையில.
– பேச்சுல பாதியில நிறுத்தி வேற எதையோ ஆரம்பிப்பா.
– ரோடு தாண்டறப்ப நான் கையை விடறதில்லை.

சரசு கேட்டுட்டே இருந்தா. அப்புறம் மெதுவா, "மாடிக்குத் தனியா அனுப்பறதில்ல. அவ குளிக்கும்போது நான் கதவுக்கு வெளியவே நிப்பேன்"னா. இதை எங்கிட்ட அவ சொன்னதே இல்லை. ரோடு விஷயத்தை நானும் சொன்னதில்லை. ரெண்டு பேரும் ஒரே வீட்ல தனித்தனியாக் காவல்.

ஜூலை 14, திங்கள்

மேடத்துகிட்ட போய்ச் சொல்லிட்டேன். சரசுவும் வந்தா. நாக்கு கூசுச்சு. மேடம் குறிச்சுக்கிட்டே இருந்தாங்க. "எத்தனை தடவை வரும்?"னு கேட்டதுக்கு, நாங்க பார்க்காதது எத்தனையோன்னேன். கட்டையை வீட்ல மறைச்சு வைக்கச் சொன்னேன். தேனு அழுகை. விளையாடட்டும்னு திருப்பிக் கொடுத்தாச்சு.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. கடையில நிக்க இடமில்லை. மச்சினன் கையில சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பினேன். "இன்னைக்கா மாமா போறீங்க?"ன்னான். இன்னைக்குத்தான்.

மதியம் சோதனை. உள்ள மேடம், தேனு, ஓரமா நர்ஸம்மா. நானும் சரசுவும் வராந்தாவுல. மேடம் கண்ணு முன்னாடி அது ஒருதரம் வந்துடணும்னு வேண்டிக்கிட்டேன். இத்தனை நாளா வரக்கூடாதுன்னு வேண்டின அதே சாமிகிட்ட.

வந்துச்சாம். ஒரு கதை வாசிச்சுக் காட்டறப்ப. நர்ஸம்மா கை காட்டி நிறுத்தச் சொல்லியிருக்காங்க. தெளிஞ்சதும், நடுவுல கேட்டு அவ காதுல விழாமப் போன கேள்வியைத் திருப்பிக் கேட்டா டக்குனு பதில். மேடம் வெளிய வந்து சொன்னாங்க: "புத்தி நல்லாவே இருக்கு. நடுவுல விட்டுப்போகுது, அவ்வளவுதான். இதே வகுப்புல இருக்கட்டும். டீச்சர் திருப்பிச் சொல்லணும், பரீட்சையில கூடுதல் நேரம் எழுதித் தர்றேன். ஆனா டீச்சருங்களுக்குக் காரணம் தெரியணும். சொல்லலாமா?"

சரசு என்னைப் பார்த்தா.

"சொல்லுங்க. வலிப்புன்னே சொல்லுங்க"ன்னேன்.

சந்தோஷமாத்தான் இருந்துச்சு. பிள்ளைக்கு வலிப்பு வந்ததுக்குச் சந்தோஷப்பட்ட தகப்பன்.

ஆட்டோவுல தேனு: "அந்த மிஸ்ஸுக்குக் கதையே சொல்லத் தெரியலைப்பா. ஆடு ரோட்டுல நின்னுச்சா, உடனே பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கு. எப்படி ஏறுச்சுன்னு சொல்லவே இல்ல."

எனக்கும் தெரியலை. விட்டுப்போனதை நாளைக்கு நர்ஸம்மாகிட்ட கேட்டு வந்து சொல்லணும்.