அண்ணன் போட்ட மைனஸ்

என் உசிரான சேவியர் அண்ணா,

மாரண்டஹள்ளிக் கல்லறையில் உன் மேல் போட்ட மண் இன்னும் இறுகவில்லை. அதற்குள் உன்னைக் குடிகாரனாக்கிவிட்டார்கள்.

நம் பட்டறையில் இரும்பு அறுக்கிற சிஎன்சி மெஷினுக்கு நீ கடைசியாக எழுதிய ப்ரோக்ராம் நினைவிருக்கிறதா? அரைவட்டத்துக்கு மேல் சுற்றுகிற வளைவு என்பதால் ரேடியஸுக்கு முன்னால் மைனஸ் போட்டிருந்தாய். மைனஸ் இல்லாவிட்டால் வெட்டுகிற டூல் சுற்றிப் போகாமல் சின்ன வளைவாகக் குறுக்கே பாய்ந்துவிடும். நம் ஓனருக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? ரேடியஸ் எங்கேயாவது மைனஸில் இருக்குமா, சாகப்போகிற நேரத்தில் தடுமாறிவிட்டான் என்று சிரித்துக்கொண்டே அதை அழித்தார்.

வேண்டாங்க என்றேன். ஜாப் அளவு பார்க்கிறவள் அந்த வேலையை மட்டும் பார் என்றார். பட்டனை அழுத்தினார். ஆர்டர் தந்த கம்பெனி அனுப்பிய ஒரே வார்ப்பு, குறுக்கே அறுபட்டுப் பாழானது.

ஓசூரிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வந்தார். ஓனர் கூசாமல் சொன்னார்: "செத்துப்போனவன் எழுதுனதுங்க. குடிச்சிட்டு எழுதியிருப்பான்." சாராய வாடைக்கே குமட்டுகிறவன் நீ. இரண்டு பேர் முன்னாலும் மைனஸோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை திரையில் ஓட்டிக் காட்டினேன்.

இன்ஜினியருக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனால் என்ன சொன்னார் தெரியுமா?

"செத்தவர் மேலயே இருக்கட்டும்மா. அவருக்கு என்ன நஷ்டம்?"

ஓனர் அவருக்கு டீ வாங்கிவரச் சொல்லி என்னையே அனுப்பினார். போனேன், அண்ணா. வாங்கி வந்தும் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அழுதேன். அவள் அழவில்லை. "வுடு பாப்பா. அவருக்கு இனிமே மானம் எதுக்கு? நீயும் வேலைய வுட்டுட்டா இந்த வூட்ல ஒல வைக்கிறது யாரு?" என்றாள். அவளை எப்படித் திட்டுவேன்? உன்னைத்தான் திட்டினேன். நெஞ்சு வலித்தபோது வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தாயே, பாவி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது ப்ரோக்ராம் எழுத ஓனர் என்னைத்தான் உட்கார வைத்திருக்கிறார். வேறு ஆள் கிடைக்கவில்லை. நேற்று புது ஆர்டர் பேச வந்த ஆளிடமும் அதே குடிகாரன் கதையைச் சொன்னார். நான் எழுந்துபோய் அந்த ஆள் முன்னால் மறுபடி ஓட்டிக் காட்டினேன். ஓனர் முகம் செத்துவிட்டது. வேலையை விட்டு நிறுத்துவேன் என்றார். நிறுத்துங்க என்றேன். நிறுத்தவில்லை.

இனி யார் வந்தாலும் காட்டுவேன். உன்னைக் குடிகாரன் என்ற அதே வாய், நீ குடிகாரன் இல்லை என்று சொல்கிறவரை விடமாட்டேன். சத்தியம். அதுவரை அவருக்கு நிம்மதியான ஒரு நாள்கூடக் கிடையாது.

செத்தவனுக்காகப் பேச உயிரோடு இருக்கிற,
உன் கூடப்பிறந்தவள்
ஸ்டெல்லா