ஃபீபிக்குக் கேட்காத சத்தம்

ஜனவரி 16
வலது காதில் சத்தம் தொடங்கிப் பதினோரு மாதம். ஆம்பூர் தோல் டேனரியில் டிரம் மோட்டார்களுக்கு நடுவே ஒன்பது வருஷம் மெக்கானிக். வேலையை விட்டுவிட்டேன், மோட்டார் மட்டும் நிற்கவில்லை. டெஸ்ட் ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றுமில்லையாம். என் மனைவி ஃபீபி நர்ஸ். ரிப்போர்ட்டைத்தான் நம்புவாள்.

ஜனவரி 19
"வேலைக்குப் போக இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க. காது மேல ஏன் பழி போடறீங்க?" என்றாள்.
தலைக்குள் இருப்பதை எப்படித் திறந்து காட்டுவது?

ஜனவரி 20
ஒவைஸ், ஐ.டி.ஐ. தோஸ்த், இப்போது சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தான். பெட்டிகளைக் கோடு இழுத்து இணைத்தால் சத்தம் வரும், ஸ்லைடரை நகர்த்தினால் சுருதி மாறும். என் சத்தத்தை அதில் பிடித்து அவள் காதில் வைக்கவேண்டும்.

ஜனவரி 24
முடியல. ஸ்லைடரைப் பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டாயிரம் ஹெர்ட்ஸ் வரை வைத்தேன். முக்கால்வாசி வெறும் விசில். என்னுடையது அடியில் நசுங்கிக் கிடக்கிறது. மயிரிழை நகர்த்தினால் தாண்டிப் போகிறது.

ஜனவரி 25
அதேதான்.

ஜனவரி 27
ஃபீபி பாகாயத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்ட்டா. ஒரு வாரம் என்றாள். எடுத்துப்போன துணி ஒரு மாதத்துக்குத் தாங்கும்.
யாருக்காக இதை உருட்டிக்கொண்டிருக்கிறேன்?

ஜனவரி 29
ஒவைஸுக்கு போன் செய்தேன். காது கூட்டிப் பார்க்காதாம், பெருக்கித்தான் பார்க்குமாம். நூறிலிருந்து இருநூறும், ஆறாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரமும் காதுக்கு ஒரே தூரம். ஸ்லைடரை லாகரிதம் கணக்குக்கு, மடங்கு மடங்காக ஏறும்படி மாற்றச் சொன்னான். மாற்றினேன், சரியாக வரவில்லை.
"ஆரம்பம் இன்னா வெச்சிருக்க?"
பூஜ்யம் என்றேன்.
"பூஜ்யத்த எதால பெருக்கினா மேல வரும்? ஐம்பதுல ஆரம்பிடா."

ஜனவரி 30
நூற்று எண்பத்தேழு. ஸ்பீக்கர் சத்தமும் காதின் சத்தமும் ஒன்றாகிவிட்டன. எது எதென்று தெரியவில்லை. அழுதேன். காட்ட வீட்டில் யாருமில்லை.

பிப்ரவரி 3
லேப்டாப்போடு பாகாயம் போனேன். ஃபீபி ஹெட்போனை மாட்டினாள். அரை நிமிடத்தில் கழற்றிவிட்டாள்.
"எப்ப நிக்கும்?"
"நிக்காது."
மறுபடி மாட்டிக்கொண்டாள். பத்து நிமிடம் கழற்றவில்லை. தனியாகத் திரும்பினேன். பஸ் முழுக்க அதே நூற்று எண்பத்தேழு.

பிப்ரவரி 4
டெஸ்ட் எடுத்த டாக்டர் அன்றே சொன்னதுதான் நிஜம். இதற்கு மருந்து இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டால் மட்டும் இன்னா ஆகப்போகுது?

பிப்ரவரி 6
சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. காலையில் ஃபீபி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள், "இப்பவும் கேக்குதா?"
கேக்குதுன்னேன்.
சத்தமில்லாத என் இடது காதுப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.