துளி ஒட்டவில்லை, பிரபு

என் செல்லத் தம்பி பிரபுவுக்கு,

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் உனக்கு இருந்ததே இல்லை. இந்த ஒரு தடவை மட்டும் ஏன்டா அப்படிச் செய்தாய்? காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை.

எங்கள் தொழிற்சாலையில் பழைய பேட்டரிகளை அரைத்த கறுப்புத் தூளைத் தண்ணீரில் போட்டு, எண்ணெய்த் துளிகளோடு கலக்குவோம். பென்சிலில் இருக்கிற அதே கிராஃபைட் துளியில் ஒட்டி மேலே மிதக்க வேண்டும். விலை கூடிய உலோகத் தூள் அடியில் தங்க வேண்டும். தங்கவில்லை. இரண்டும் சேர்ந்தே மேலே வந்தன. பேசாமல் கிராஃபைட்டை எரித்துவிடலாம் என்றார் மேனேஜர். பேட்டரியின் பழைய பசை உலோகத்தின்மேல் அப்பியிருக்கிறது, அதனால்தான் துளியில் ஒட்டுகிறது என்றாய் நீ. வேகமாகக் கலக்குவதால் தண்ணீர் அதை இழுத்து வருகிறது என்றேன் நான். லிங்கராஜபுரம் வீட்டில், அம்மா வைத்த இட்லி ஆறிப்போகும்வரை கத்தினோம்.

"சும்மா கத்தாதக்கா. துளி எவ்வளவு பலமா ஒட்டுதுன்னு அளந்து பாத்துடலாம்," என்றாய். ஆரம்பித்தது நீ. மாட்டிக்கொண்டது நான்.

நீ போன பிறகு உன் ஆய்வகத்து ஸ்வேதா உதவிக்கு வந்தாள். தலைமுடியைவிட மெல்லிய தகட்டின் நுனியில் எண்ணெய்த் துளியை வைத்து, நுண்ணோக்கியின் கீழே, தண்ணீருக்குள் ஒரு துகளைத் தொட்டு, மெல்லப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தகடு எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு பிடிப்பு. கேட்க எளிது. துளி நழுவும். துகள் பெயரும். எல்லாம் அமைந்து வந்தால் பக்கத்துக் கட்டடத்தில் டிரில் போடுவார்கள். இதையா நீ நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே செய்தாய்?

ஒருவழியாக அளந்துவிட்டோம். கிராஃபைட்டை விடமாட்டேன் என்றது துளி. உலோகத்தைத் தொட்ட வேகத்தில் விட்டுவிட்டது. பசை இல்லை பிரபு. நான் சொன்னதுதான் சரி. கலக்கும் வேகத்தைக் குறைத்தோம். மேலே திரண்ட நுரையில் சிக்கிய உலோகம் இறங்க, அதன்மேல் தண்ணீர் தெளித்துக் கழுவினோம். உலோகம் அடியில் தங்கியது. எரிக்கும் பேச்சை மேனேஜர் எடுப்பதில்லை.

எல்லோரும் கைகொடுத்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்னொரு தடவை அள என்று சொல்ல அங்கே ஒருத்தரும் இல்லை. "ஜெயிச்சுட்டீங்கக்கா, ஏன் இப்படி இருக்கீங்க?" என்றாள் ஸ்வேதா. தோற்க வேண்டியவன் இல்லாமல் யாரிடம் போய் ஜெயிப்பது?

இப்போது வேறு வகைப் பேட்டரித் தூள் வந்திறங்கியிருக்கிறது. அதையும் அளப்பேன். அதில் நீ சொன்ன பசை அகப்பட்டால், மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் என் தம்பி சொன்னதுதான் சரி என்று சொல்வேன். வாய் வராவிட்டாலும் சொல்வேன்.

உன்னோடு இன்னும் சண்டை முடியாத
கலா அக்கா