கல் கிடைக்காதவர்கள்

வட்டகொடை
22.1.1962

அன்பு மகள் பௌசியாவுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ் உனக்கு ஸலாமத்தைத் தரட்டும்.

நேற்று நம் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். முன் அறையில் உன் வாப்பா, ஹட்டனிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்த ஹவ்வா உம்மா, அவருடைய தம்பி நஜீம், அவருடைய மகன், மாப்பிள்ளை மஃறூப். அடுப்படியில் நான். பின்வாசல் படியில் கொழுந்தெடுக்கும் பேச்சியம்மா. இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் இருந்திருக்கக் கூடாது. அதுதான் நடந்தது.

உன் ஆராய்ச்சிக்கு ஒப்பாரி வேண்டும், பேச்சியம்மாவைப் பாடச் சொல்லி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தாய். அவளிடம் சொன்னதும், "நாங்க குடியிருக்கிற லயத்துல பாட முடியாதுங்க முதலாளியம்மா. யாரு செத்ததுன்னு எல்லாரும் ஓடியாந்துருவாங்க. சாவு விழாத வூட்டுல பாடவும் கூடாது" என்றாள். எங்களுக்கு அந்த வழக்கம் இல்லை, நம் வீட்டுக்கு வா என்றேன். வந்தவள் வாசலைத் தாண்டவில்லை. படியில் உட்கார்ந்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு பாடினாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்ன ஹட்டன்காரர்கள் முந்திய ரயிலில் வந்து இறங்கிவிட்டார்கள். முன்னால் நம் கடை வாசல்வரை ஒப்பாரி கேட்டிருக்கிறது. நஜீம் தொப்பியைச் சரிசெய்து, இன்னா லில்லாஹி ஓதி, வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மையித்து எத்தன மணிக்கு எடுக்குறீங்க?" என்றாராம்.

"ஆர்ட மையித்து?"

"உங்கட வூட்டு மையித்துதான்."

மஃறூபுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாயின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஹவ்வா உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நல்ல காரியம் பேச வந்த எடத்துல ஒப்பாரியா? மார்க்கத்துல கூடாததயா புள்ள படிக்கிறா?" என்றார். நஜீம் சும்மா இருப்பாரா? "தேயில நோயப் படிச்சா தேயில பொழைக்கும். ஒப்பாரியப் படிச்சா மையித்து எழும்புமா?" என்றார்.

நீ ஆராய்ச்சியை விட்டால் கலியாணம், வெள்ளிக்கிழமை பதில் கேட்க வருவோம் என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். வாப்பா சரி சொல்லத்தான் நினைக்கிறார். ஓலமிட்டு அழுவது நமக்குக் கூடாது என்பது எனக்கும் தெரியும். அதனால் நேற்று நான் மறுத்துப் பேசவில்லை. இது என்ன படிப்பு என்று வாப்பாவுக்கு விளங்கும்படி எழுது.

செத்த ஒருவரை நினைக்காமல் பேச்சியம்மாவுக்குப் பாட்டு வராதாம். தங்கை லெட்சுமியை நினைத்துப் பாடினாள். காய்ச்சலோடு மலைக்குப் போய்க் கூடையோடு விழுந்தவளாம். புதைத்த இடத்திலும் இப்போது தேயிலைதான் நிற்கிறது.

மூணாம் மலையில கொழுந்தெடுத்த எந்தங்கமே,
மூடுபனி வெலகுமுன்னே மூச்சடக்கிப் போனியே.

மிச்சத்தைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இத்தனை வருடம் நம் கடையில் அரிசி வாங்குகிறவள். அவளுக்கு ஒரு தங்கை இருந்தது எனக்குத் தெரியாது.

உன் உம்மா
ஸாலிஹா


பேராதனை
24.1.1962

அன்புள்ள உம்மாவுக்கு ஸலாம்.

நஜீம் மாமாவின் மையித்துக் கதையைக் கேட்டு விடுதியே சிரித்தது. பிறகு பாட்டை வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்கள்.

வாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். என் அறைத் தோழி தேயிலையின் கொப்புள நோயை ஆராய்கிறாள். அடுத்த அறைக்காரி மகாவலி மணலைச் சலித்து, மலை எவ்வளவு கரைகிறது என்று பார்க்கிறாள். ஒருத்தி தவளை வளர்க்கிறாள். இன்னொருத்தி அநுராதபுரத்துக் கல்வெட்டுகளில், குளம் கட்டியவர்களின் பெயர்களைப் படியெடுக்கிறாள். எது பெரிய படிப்பு என்று சாப்பாட்டு மேசையில் தினமும் சண்டை. தவளைக்காரிதான் உரக்கக் கத்துவாள். ஆனால் ஒருத்தி பார்ப்பதை மற்றவளால் பார்க்க முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம்.

மஃறூபிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னால் வாப்பா தலைகுனியக் கூடாது. நீங்கள் ஒரு சொல் சொன்னால் விட்டுவிடுகிறேன். தொடர்வதென்றால் மாத முடிவுக்குள் பேராசிரியரிடம் இந்த ஆராய்ச்சிக்கு என் பெயரைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் மகள்
பௌசியா


வட்டகொடை
27.1.1962

அன்பு மகளுக்கு,

நேற்றுக் காலையில் உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹட்டன்காரர்கள் வந்தார்கள். பேச்சியம்மாவைத் தவிர அன்றைக்கு இருந்த அத்தனை பேரும் இருந்தோம். ஹவ்வா உம்மா பதில் கேட்டார். வாப்பா தொண்டையைச் செருமினார். அதற்குள் நான் பேசிவிட்டேன். இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத்தான் முன் அறைக்கு வந்திருந்தேன்.

"கல்லுல பேர் வெட்டினவங்களப் படிக்க ஒரு படிப்பு ஈக்குது. கல்லு கெடைக்காதவங்களப் படிக்கவும் ஒண்டு வேணும். எங்கட மவள் அத விட மாட்டா."

"மார்க்கம்?" என்றார் நஜீம்.

"ஓலமிடத்தான் எங்களுக்குத் தடை. அடுத்தவங்கட துக்கத்தக் காது குடுத்துக் கேக்குறதுக்குத் தடை இல்ல."

ஹவ்வா உம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப எங்கட பேச்சு முடிஞ்சுது."

மஃறூப் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "மாமி, அந்தப் பாட்டுல மிச்சம் ஈக்கா?" என்று கேட்டார். "நட" என்றார் தாய். நல்ல பிள்ளைதான். அல்லாஹ் அவருக்கு நல்லதை நாடட்டும்.

அவர்களுக்காகச் செய்த வட்டிலாப்பம் அப்படியே இருந்தது. அதற்குக் கடையிலிருந்து எடுத்த முட்டையைக் கணக்கில் எழுதிவிட்டு, பேச்சியம்மாவின் லயத்துக்கு அனுப்பிவிட்டேன். வாப்பா கடையைப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். கடைசியில், "தவள வளக்குறதுக்கும் கவுர்மெந்து காசு குடுக்குதா?" என்றார். இன்று காலையில் பார்க்கிறேன், பின்வாசல் படியில் ஒரு பாய் விரித்திருக்கிறது. நான் விரிக்கவில்லை.

நீ ஒரு சொல் கேட்டாய். அதை ஊரார் முன்னால் சொல்லிவிட்டேன், உன்னைக் கேளாமல், உன் பெயரால். பேச்சியம்மா மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம், "எந்தங்கச்சி பேர எழுதிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

எழுதிவிட்டாயா? சீக்கிரம் பதில் போடு.

உம்மா
ஸாலிஹா