நான் போட்ட மூன்று டிக்

ஏரிக்கரை விடுதி,
சனிக்கிழமை மதியம்.

அன்புள்ள இஸ்திரி அக்காவுக்கு, சலவைத் தொட்டி வாயாடி எழுதிக்கொள்வது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ சுகமா என்று கேட்க இன்று எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று கீழே வரும். பாப்பா, நீதானே உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறாய், சத்தமாகவே படி. உன் அப்பாவும் கேட்கட்டும்.

வேனில் நம் ஆஸ்பத்திரி ஆட்கள் ஒன்பது பேர். சமையல்கட்டு மாமா ஒரு வளைவு விடாமல் வாந்தி எடுத்தார். மலை ஏறுவதற்கு முன்பே பாரத்தைக் குறைத்துக்கொண்டீர்களே, கெட்டிக்காரர்தான் என்றேன். பேசாமல் இரும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ஊர் என்றால் ஒரே ஒரு தெருதான். இந்தப் பக்கம் கடைகள், அந்தப் பக்கம் ஏரி. கடைக்குக் கடை கைத்தடியும் கம்பளித் தொப்பியும் கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரியும் தொங்குகிறது. ஏரி, நாம் நீலம் கலந்து வைத்த தொட்டி மாதிரி அசையாமல் கிடக்கிறது. மலை அதில் தலைகீழாகத் தெரிகிறது. அறையில் இரண்டு கட்டில். போர்வையில் சோப்பு சரியாகப் போகவில்லை, நீ தொட்டுப் பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பாய். இன்னொரு கட்டிலில் என் பைதான் படுத்திருக்கிறது.

பத்து மணிக்கு வழிகாட்டிப் பெண் வந்தாள். நாலு நாள் நடைக்கு எங்களைக் கூட்டிப்போகிறவள். நாம் ஊரில் எழுதிக் கொடுத்த ஃபாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆளைச் சரிபார்த்தாள். என்னுடையதை எடுத்தபோது அடியில் உன்னுடையது இருந்தது, குறுக்கே சிவப்புக் கோட்டோடு. இந்த அக்காவை ஏன் வேண்டாம் என்றீர்கள், என்னை விட நல்லா நடப்பாங்களே என்றேன். அவள் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

நெஞ்சு வலி உண்டா, மூச்சுத் திணறல் உண்டா, மயக்கம் உண்டா என்று மூன்று கேள்வி. மூன்றிலும் உண்டு என்று டிக். பக்கத்துக் கோட்டில், சூப்பர்வைசர் இஸ்திரி மேசை பக்கம் வந்தால் மூன்றும் வரும் என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது, அக்கா.

உனக்கு எழுத வராது, எனக்கு நாலாம் வகுப்பு. அந்தத் திமிரில் உன் ஃபாரத்தையும் நானே எழுதினேன். என்னடி எழுதினே என்று கேட்டாய். உன் அழகைப் பற்றி என்றேன். நீ சிரித்துக்கொண்டே கைநாட்டு வைத்தாய். ஃபாரத்தை வாங்கிப் பார்க்கிறவர் படித்துச் சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். ஆஃபீஸில் டிக்கைத்தான் பார்ப்பாங்க, கதையெல்லாம் படிக்க மாட்டாங்க, மலையில யாராவது விழுந்தா நாங்கதானே தூக்கணும் என்றாள் இந்தப் பெண். அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. என் ஃபாரத்தில் மூன்றுக்கும் இல்லை என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். என் காரியம் என்றதும் விளையாடத் தோன்றவில்லை பார்.

உடல்நலக் காரணத்தால் சேர்க்க இயலாது என்று உனக்குக் கடிதம் வந்தபோது எனக்கு இது நினைவுக்கே வரவில்லை. அதே மாதம்தான் நம் ஆஸ்பத்திரியில் வேலையாட்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதில்தான் ஏதோ தெரிந்திருக்கிறது, நம்மகிட்ட மறைக்கிறாங்க என்று நீ முடிவு கட்டிவிட்டாய். டாக்டரிடம் கேள் என்றேன். கேட்டா சொல்லிடுவாங்கடி என்றாய். அன்றிலிருந்து மாடிப்படி ஏறவில்லை. இருபது வருஷம் நின்ற இஸ்திரி மேசையை விட்டு, ஸ்டூல் போட்டுத் தலையணை உறை மடிக்கப் போனாய். உன் வீட்டுக்காரர் குடத்தைத் தொடவிடுவதில்லை. பாப்பா வெளியூர்ப் படிப்பு வேண்டாம் என்றுவிட்டாள். அப்போதும் நான் உன்னை நோயாளி மகாராணி என்று கூப்பிட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தேன். நீயும் சிரித்தாய். எப்படிச் சிரித்தாய் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. மூன்று மாதம், அக்கா.

போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்து வைத்துவிட்டேன். என் குரலைக் கேட்டாலே விளையாட்டு என்று நினைப்பீர்கள். நினைக்கும்படிதான் நான் இருந்திருக்கிறேன். அதனால் அந்த ஃபாரத்தையே கெஞ்சி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். பாப்பா, என் எழுத்து உனக்குத் தெரியும், நீயே பார்.

நாளைக் காலை எல்லாரும் ஏறுகிறார்கள். நான் போகவில்லை. அடுத்த குழு வியாழக்கிழமை கிளம்புகிறது, அதில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதாம். டாக்டர் சீட்டு இருந்தால் உன்னைச் சேர்த்துக்கொள்வதாக வழிகாட்டிப் பெண் சொல்லிவிட்டாள். நாங்கள் வந்த வேன் இன்றைக்கே ஊருக்குத் திரும்புகிறது. டிரைவர் அண்ணன் நாளைக்கு இதை உன் கையில் கொடுப்பார். திங்கட்கிழமை டாக்டரிடம் போ. ரத்தத்தில் என்ன இருந்தது என்று நேராகக் கேள். உண்மையிலேயே ஏதாவது இருந்தால் அதை அவர் வாயால் கேட்டுக்கொள், என் பேனாவிலிருந்து வேண்டாம். ஒன்றும் இல்லை என்றால் புதன்கிழமை காலை இதே வேன் அடுத்த குழுவைக் கொண்டுவருகிறது, அதில் ஏறி வா. நான் ஏரிக்கரையில் வேன் நிற்கும் இடத்தில் இருப்பேன். நீ வரவில்லை என்றால் அதே வேனில் ஊருக்கு வருகிறேன். உன் வாசலில் நின்று நீ திட்டுவதைக் கேட்க வேண்டும், பதில் பேச மாட்டேன்.

பாப்பா, உன் படிப்புக்கு எழுதிப் போட இன்னும் நாள் இருக்கிறதா என்று விசாரி. இல்லாவிட்டால் அதுவும் என் கணக்கில்தான்.

மன்னித்துவிடு என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். அதை நீயாகத் தர வேண்டும், நான் கேட்டு வாங்கக் கூடாது. என் மேல் கோபத்தோடு நூறு வயசு வரை இரு அக்கா. நோயாளியாக மட்டும் இன்னும் ஒரு நாள்கூட இருக்காதே.

இப்படிக்கு,
உன் தங்கச்சி என்று சொல்லிக்கொள்ள இன்றைக்குக் கூசுகிற,
வாயாடி.