மூலை நசுங்கிய சாக்லேட்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே? இங்கே உன் அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது. அந்த இரண்டையும் கழித்துவிட்டால் நாங்களும் சௌக்கியம். உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்து, மூன்று முறையும் எழுந்து போய்விட்டேன். இதை முழுதாகப் படித்துவிட்டுக் கோபப்படு. பாதியிலேயே மடித்து வைத்துவிடாதே.

ஒரு காரியம் செய்திருக்கிறேன், முடிவு தெரிந்த பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். இந்தத் தடவையும் கைகூடாவிட்டால் கொக்கோ அரைக்கிற மெஷினை விற்றுவிட்டு பிஸ்கட் கம்பெனி வேலைக்குப் போய்விடுவேன் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் காரியம் என்னவென்று உன் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரியும், அம்மா.

எங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இந்த வருடப் போட்டிக்கு இருநூற்றுச் சொச்சம் கறுப்புச் சாக்லேட்டுகள் வந்தன. எல்லாம் உன்னைப் போல வீட்டிலும் சின்னப் பட்டறையிலும் செய்தவர்கள் அனுப்பியவை. ருசி பார்க்க மூன்றே பேர், ஒரு நாளைக்கு ஆறு. காலையில் டீகூடக் குடிக்காமல் போய் உட்கார வேண்டும். உறையைப் பிரித்து, உடைத்து, வெள்ளைத் தட்டில் ஒரு துண்டும் ஒரு நம்பரும் மட்டும் வைப்பார்கள். யார் செய்தது என்று தெரியாது. ஒடித்துப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் கரையவிட்டு, நூற்றுக்கு மார்க் போட வேண்டும். அப்புறம் வெந்நீர் ஒரு மடக்கு, வெறும் ரொட்டி ஒரு துண்டு, அடுத்த தட்டு. சாக்லேட் தின்பதற்குச் சம்பளமா என்று தெருவில் எல்லோருக்கும் பொறாமை. காரம் கிடையாது, வெங்காயம் கிடையாது என்று இருபது வருடமாக வாயைக் கட்டிக்கொண்டிருப்பவனுக்குத்தான் அலுப்பு தெரியும். உன் அண்ணி எதைப் பரிமாறினாலும் மார்க் சொல்லத்தான் வாய் வருகிறது. அவள் தட்டைப் பிடுங்காதது என் அதிர்ஷ்டம்.

பதினேழாம் நம்பர் தட்டில் ஒரு மூலைத் துண்டு வந்தது. அதன் மூலை உள்ளே நசுங்கியிருந்தது. நீ தொழில் ஆரம்பித்தபோது பழைய பேக்கரிக்காரர் ஒருவரிடம் நான் ஒரு தகர அச்சு வாங்கி வந்தேனே, நினைவிருக்கிறதா? பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கைதவறிக் கீழே போட்டு மூலையை நசுக்கியவனும் நான்தான். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். போனா போகுது, இதையெல்லாம் யாரு உத்துப் பார்க்கப் போறா என்று சொன்னேன். கடைசியில் நான்தான் உற்றுப் பார்த்தேன்.

சொந்தக்காரர் செய்தது என்று தெரிந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும். வேறு ஒருவரை உட்காரவைப்பார்கள், செய்தவருக்கு ஒரு பாதகமும் வராது. சொல்லாமல் மார்க் போட்டால் அந்தச் சாக்லேட்டையே போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். இது எங்கள் சுவரிலேயே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. நான் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் அண்ணன் சிபாரிசு என்று உன்னைப் பேசுவார்களே, நானே கறாராகப் போட்டுவிட்டால் யாரும் வாயைத் திறக்க முடியாதே என்று என் புத்தி போயிற்று. குற்றம் தேடித் தேடித் தின்றேன். கசப்பு தொண்டையில் தங்குகிறது என்று எழுதி அறுபத்தொன்று போட்டேன்.

உன் கையெழுத்து, நீ போட்ட முதல் டீ, நீ பாடின பாட்டு, எதற்கும் நான் பத்துக்கு ஆறுக்கு மேல் கொடுத்ததில்லை. அதையே எனக்குப் பட்டப்பெயராக வைத்தாய். அப்பா இல்லாத வீட்டில் நான் கொஞ்சினால் நீ கெட்டுப்போவாய் என்று பயந்தேன். பயந்தேன் என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகாவது போய்ச் சொல்லியிருக்கலாம். மற்ற இருவரும் நல்ல மார்க் போட்டிருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு சும்மா இருந்தேன்.

எங்களைச் சோதிப்பதற்காக, ஒரே சாக்லேட்டை வேறு நம்பரில் சொல்லாமல் இன்னொரு தடவை வைப்பார்கள். நான்கு நாள் கழித்து நாற்பத்தொன்றாம் நம்பர் வந்தது, ஒரு நடுத் துண்டு. அன்றைக்கு எனக்கு வாயும் மனதும் அலுத்துப்போயிருந்தன. நாக்கில் வைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதலில் இளம் புளிப்பு, பிறகு உலர்ந்த திராட்சை, கடைசியில் வறுத்த வாசம். கரைந்த பிறகும் வாயை விட்டுப் போகவில்லை. ரொட்டியைத் தொட மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த மகராசி செய்தாளோ என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு எண்பத்தெட்டு போட்டேன்.

எங்கள் மேலதிகாரி கையில் எப்போதும் சிவப்புப் பேனா இருப்பதால் அவருக்கு டீச்சர் என்று பெயர். என்னைக் கூப்பிட்டு, பதினேழுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நாங்கள் மூவரும் போட்ட மார்க் தாள்களை மேஜைமேல் வைத்தார். ஒரே சாக்லேட், ஒரே நாக்கு, எப்படிங்க இருபத்தேழு மார்க் வித்தியாசம் என்று கேட்டார். சளி பிடித்திருந்தது என்று சொல்லியிருந்தால் என் மார்க்கை மட்டும் அடித்துவிட்டு, எண்பதுக்கு மேல் வாங்கியவர்கள் பட்டியலில் உன்னைச் சேர்த்திருப்பார்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இந்த எண்பத்தெட்டு என் தங்கச்சி செஞ்சதுங்க என்று வந்துவிட்டது. நேர்மை என்று நினைத்துவிடாதே. பெருமை தாங்கவில்லை.

டீச்சர் பேனாவை மூடி வைத்தார். விதி விதிதாங்க என்றார். உன் சாக்லேட் இந்த வருடப் பட்டியலில் இல்லை. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் என் தலையில்தான். என்னையும் இனி வர வேண்டாம் என்றுவிட்டார்கள். மறுநாள் வெங்காயம் போட்டு உன் அண்ணி சமைத்ததை இரண்டு தட்டு சாப்பிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

வெளியே சொல்லக் கூடாததை இனி சொன்னால் என்ன? மற்ற இருவரும் எண்பத்து நான்கும் எண்பத்தாறும் போட்டிருந்தார்கள், தாளில் என் கண்ணால் பார்த்தேன். மெஷினை விற்காதே, அம்மா. அடுத்த வருடமும் அனுப்பு. அந்த மேஜையில் நான் இருக்க மாட்டேன்.

பதில் எழுத மனம் வராவிட்டால் எழுத வேண்டாம். அந்தப் பழைய அச்சில் ஊற்றி ஒரே ஒரு சாக்லேட் அனுப்பு. நடுத் துண்டுகள் உன் அண்ணிக்கு, நசுங்கின மூலை எனக்கு. நல்லா இருக்கு என்று மட்டும் எழுதுகிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்,
பத்துக்கு ஆறு