காற்றை ஏமாற்றும் கால்சட்டை

சித்தூர், 1934 மார்ச் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததிலிருந்து இவர் ஓர் இடத்தில் உட்காரவில்லை. உற்சாக கிளப்பார் சைக்கிள் பந்தயம் வைக்கிறார்களாம். ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை, சித்தூரிலிருந்து திருப்பதி வரை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் என் வீட்டுக்காரர், நாற்பத்திரண்டு வயது ஜெபதாஸ் வாத்தியார், பெயர் கொடுத்துவிட்டார். திருப்பதியிலிருந்து என் தம்பி அசரியாவும் கொடுத்திருக்கிறான். அதைக் கேட்ட பிறகுதான் இவர் கொடுத்தார் என்று தனியாக எழுத வேண்டுமா?

இருவரும் பேசி மூன்று வருஷம். காரணம், பூசணிக்காய். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை இரண்டு பேரும் விடாமல் ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் ஆட்டுக்குட்டி விலைக்கு இவர் எடுத்தார். "மாமாவுக்குப் பூசணிக்கான்னா உசுரு போல" என்றான் தம்பி. சபை சிரித்தது. அன்றைக்கு அடைத்த வாசல்.

மார்ச் 6

தம்பி பெண்டாட்டி தபீதாளுக்குத் தலைப்பிள்ளை. ஏப்ரலில் மாதம். தாயில்லாத பெண். "அக்கா, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி அனுப்புகிறாள். போய் இருந்துவிட்டு வரட்டுமா என்று இன்றைக்கு இவரிடம் மறுபடி கேட்டுப் பார்த்தேன்.

"மொதல்ல அவன் வந்து என் வாசப்படியில நின்னு மன்னிப்பு கேக்கட்டும். அப்பறம் நீ போ."

பிள்ளை அதுவரை காத்திருக்குமா?

மார்ச் 9

கிளப் குமாஸ்தா சிவசங்கரன் நடுவில் நின்று பேசி முடித்திருக்கிறார். இரண்டு பேரில் பின்னால் வருகிறவன் முன்னால் வந்தவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இவர் ஜெயித்தால் அசரியா வர வேண்டும். வரமாட்டான். எங்கள் வீட்டு ரத்தம் எனக்குத் தெரியாதா? இவர் தோற்றால் நான் திருப்பதி போகலாம்.

கர்த்தாவே, புருஷன் தோற்க வேண்டுமென்று ஜெபிக்கலாமா? ஜெபிக்கவில்லை. நினைத்தேன், அவ்வளவுதான். நினைப்பும் ஜெபம்தான் என்று போன வாரம்தான் சபையின் பாதிரி ஐயர் பிரசங்கித்தார். மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 13

மிஷன் பங்களாவில் கிழிந்துகிடந்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைக் கொண்டுவந்தார்.

"கிருபா, மேடு எதிரியில்ல, வெயில் எதிரியில்ல. காத்துதான் எதிரி. மிதிக்கிற மிதியில பாதி காத்தைத் தள்ளறதுக்கே போவுது. வேட்டியும் கோட்டும் பாய்மரம் மாதிரி புடிச்சி இழுக்குது. ஒடம்போட ஒட்டினாப்பல துணி இருக்கணும்."

"ஒடம்போட ஒட்டினா எப்பிடிங்க மூச்சு விடுவீங்க?"

"சொகம் பாக்கறவன் மாட்டு வண்டியில போவட்டும்."

மார்ச் 17, சனி

கட்டமஞ்சி ஏரிக்கரைச் சரிவில் பரீட்சை. மேலிருந்து மிதிக்காமல் விட்டால் சைக்கிள் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது. வேட்டி, கோட்டோடு இறங்கினார். சரிவு முடிந்து மதகருகில் நின்றது. அப்புறம் வேட்டியைத் தார்பாய்ச்சி, மேலே என் பழைய புடவைக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு இறங்கினார். மதகைத் தாண்டி, புளியமரத்தையும் தாண்டிப் போயிற்று. பொய் சொல்லக்கூடாது. காற்று விஷயத்தில் அவர் சொன்னது நிஜம்.

கீரை விற்கும் வெங்கடம்மா கூடையை இறக்கிவைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏமம்மா, உங்க ஆளுக்கு எங்கன்னா அடிபட்டுச்சா, இப்பிடிக் கட்டுப் போட்டுக்கினு வர்றாரு?"

"இன்னும் படல" என்றேன்.

மார்ச் 24

இவர் சொன்ன உடுப்புக்கு லாங்கிளாத் துணி எடுத்தேன். இதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது? உடுப்பா, வைத்தியமா? அரை மணி யோசித்து 'இதர வகை'யில் போட்டேன்.

கழுத்திலிருந்து தொடை வரை ஒரே துண்டாக, உறை மாதிரி வேண்டுமாம். தைத்துக்கொண்டே சொன்னேன்: "சீட்டு படற எடத்துல மட்டும் உள்ள மெத்துனு பிளானல் துணி வெச்சித் தைக்கறேன். அத்தனை மைல் போவணுமே."

"வேணா. பின்னால உப்பும். காத்து புடிக்கும்."

"பின்னால எப்பிடிங்க காத்து புடிக்கும்?"

"உனக்கு இன்னா தெரியும்? சொன்னதைத் தையேன்."

மனைவி கீழ்ப்படிய வேண்டும். கீழ்ப்படிந்தேன். பிளானலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 30, பெரிய வெள்ளி

உபவாசம். ஆத்துமாவுக்காக அல்ல, இடுப்புக்காக.

ஏப்ரல் 2

போட்டுப் பார்த்தார். நிற்கிறார். நடக்கிறார். குனிய முடிகிறது. உட்கார மட்டும் யோசிக்கிறார். நின்றுகொண்டே களி தின்றுவிட்டு, "பர்ஸ்ட் கிளாஸ்" என்றார். முகம் வேறு சொன்னது.

தம்பி தொளதொள ஜிப்பாவும் வேட்டியுமாகத்தான் ஓட்டப்போகிறானாம், சீட்டின்மேல் மடித்த கம்பளம் போட்டு. சிவசங்கரன் சொல்ல இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "காத்து அவனை எங்கியோ ஏர்பேட்டுக்குத் தூக்கிக்கினு போவும்."

ஏப்ரல் 5

துணி மழமழவென்று இருந்தால் காற்று வழுக்கிக்கொண்டு போகும் என்று புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார். "ஞாயித்துக்கெழம கோட்டுக்குப் போடற மாதிரி கஞ்சி போடு. இன்னும் கெட்டியா."

"கஞ்சி கோயிலுக்குப் போற துணிக்குங்க. அங்க யாரும் வேத்து ஊத்த மாட்டாங்க."

"போடு."

போட்டேன். நல்ல பச்சரிசிக் கஞ்சி. இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்ததும் தகடு மாதிரி ஆனது. சுவரில் சாய்த்துவைத்தேன், நின்றது. என் புருஷன் இல்லாமலே என் புருஷனைப் போல் நின்றது. விறைப்பாக.

ஏப்ரல் 7, சனி

விடிவதற்குள் புறப்பட்டார். தலையில் கைவைத்து ஜெபித்தேன். பத்திரமாய்ப் போய்ச் சேரட்டும் என்று மட்டும். வேறொன்றும் கேட்கவில்லை. மெய்யாகவே கேட்கவில்லை.

சாயங்காலம்

திருப்பதி பஸ்ஸில் திரும்பிய சிவசங்கரன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார், பாவம், வாசலில் அடக்கமுடியவில்லை.

வழியில் பூதலப்பட்டில் இவர்தான் முதலாம். ஊரே பார்த்ததாம், அம்புபோல் போனாராம். வெயில் ஏறியது. வேர்த்தது. கஞ்சி இளகியது. இளகின கஞ்சி என்ன செய்யும்? பசையாகும். ரோட்டுப் புழுதி முழுக்க மேலே ஒட்டிக்கொண்டது. உள்ளே தோலில் துணி ஒட்டிக்கொண்டது, துணியில் சீட்டு ஒட்டிக்கொண்டது. சந்திரகிரிக்கு முன்னால் இறங்கப் பார்த்து, சைக்கிளோடு சாய்ந்திருக்கிறார். எழுந்து நின்றவரால் மறுபடி ஏறி உட்கார முடியவில்லை. தோல் உரிந்து... ஐயோ. சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்புறம் சிரிப்பு வரவில்லை. நான்தானே தைத்தேன், நான்தானே கஞ்சி போட்டேன்.

பின்னால் வந்த அசரியா முதலில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட்டானாம். "யாரோ மண்ணு பொம்மை வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்" என்றானாம். பிறகு திரும்பி வந்து இறங்கி, "மாமா, வுடுங்க, நான் தள்ளறேன்" என்று இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறான். இவர் பக்கத்தில் காலை அகட்டி அகட்டி. இருவரும் பந்தய முடிவுக் கோட்டைத் தொடும்போது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்களாம்.

"யாரு முன்னால வந்தது?" என்று கேட்டேன்.

"அதான் தெரியலம்மா. கோட்டுகிட்ட வந்ததும் 'நீ போ', 'நீங்க போங்க மாமா'ன்னு நின்னுக்கினே இருந்தாங்க. ரெண்டு பேரையும் நான்தான் தள்ளிவிட்டேன்."

இவர் சொல்லியனுப்பியது ஒரே வாக்கியம்: லூசான வேட்டி ரெண்டு எடுத்துக்கினு நாளைக்கு வண்டியேறி வா.

திருப்பதி, ஏப்ரல் 8

மூன்று வருஷம் கழித்துத் தம்பி வீடு. தபீதாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவர் கூடத்தில் குப்புறப் படுத்திருக்கிறார், மேலே தேங்காயெண்ணெய். வெந்நீரில் ஊறவைத்து, அசரியாதான் துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தானாம்.

"காத்து சங்கதி மெய்தான் கிருபா" என்றார், தலையணைக்குள் முகத்தை வைத்தபடி. "பூதலப்பட்டு வரைக்கும் மெய்."

மன்னிப்பு யாரிடம் யார் கேட்டார்கள்? நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14

விடியற்காலையில் தபீதாளுக்கு வலி கண்டது. அசரியா வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறான், செருப்பைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. நர்ஸம்மா வீடு ஊருக்கு அந்தப் பக்கம். இவர் எழுந்து தம்பியின் சைக்கிளை எடுத்தார். உட்கார முடியாதே! உட்காரவில்லை. பெடலில் நின்றபடியே மிதித்துக்கொண்டு போனார். வேட்டி இரண்டு பக்கமும் விரிந்து படபடத்தது. அதைத் தூக்கிச் செருகக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

நர்ஸம்மா ஜட்காவில் வந்து சேர்ந்தாள். முன்னால் சைக்கிளில் நின்றபடி இவர்.

பெண். சுகப்பிரசவம். ஸ்தோத்திரம்.

ஏப்ரல் 16, திங்கள்

பள்ளிக்கூடம் இருக்கிறதென்று இன்றைக்கு இவர் சித்தூருக்கு ரயிலேறினார். என்னை எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. ரசத்துக்குப் புளி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

ரயில் பெட்டி காலியாகத்தான் இருந்தது. ஜன்னலோரம் கூட இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கையசைத்தார். வண்டி கண்ணுக்கு மறைகிறவரை அசரியா சிரிக்கவில்லை. என் தம்பியிடம் இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்.